ஏரியில் கலப்பது யார் வீட்டுச் சாக்கடை? சேற்றை வைத்துக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

தாம்பரத்தைச் சுற்றி எந்த ஏரிக்கரையில் நின்று பேச்சுக் கொடுத்தாலும் நான்கு பதில்தான் வரும். "அது மாட்டுச் சாணம் சார்." "அதெல்லாம் பழைய கழிவு, இப்ப எதுவும் வரல." "சுத்திகரிச்சுத்தான் விடுறாங்க." கடைசியாக, "எங்க தெரு இல்ல, அந்தப் பக்கத்துல இருந்து வருது." நான் வேதியியல் படித்தவன், சில வருடங்களாக எங்கள் பகுதி ஏரிக்காக அலைகிற ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். இந்த நான்கு பதிலும் உண்மையா பொய்யா என்று ஏரியின் அடிச்சேற்றை வைத்தே சோதிக்கலாம் என்பது தெரிந்த பிறகு நாங்கள் கூட்டங்களில் சத்தம் போடுவதைக் குறைத்துக்கொண்டோம். அதை எப்படிச் செய்வது என்று முழுவதுமாக எழுதுகிறேன். கல்லூரி மாணவர்கள், குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்கள், ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள், யாரானாலும் அவரவர்க்கு வேண்டிய பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, தண்ணீரை விட்டுவிட்டு ஏன் சேறு? ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக் கோலிஃபார்ம் பாக்டீரியா எண்ணினால் அந்த நேரத்து நிலைமை மட்டும்தான் தெரியும். நேற்று ராத்திரி மழை பெய்திருந்தால் ஒரு எண், நாலு நாள் வெயில் அடித்திருந்தால் வேறு எண். போதாததற்கு, மாட்டுக் குடலிலும் நாய்க் குடலிலும் அதே வகை பாக்டீரியா இருப்பதால் முதல் சாக்கே தப்பித்துவிடும். சாக்கடையில் வரும் கொழுப்புத் தன்மையுள்ள சில மூலக்கூறுகளோ தண்ணீரில் கரைந்து நிற்காமல் நுண்ணிய களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு கீழே படிகின்றன. ஆக்ஸிஜன் இல்லாத கருப்புச் சேற்றுக்குள் போய்விட்டால் அவை வருடக்கணக்கில் சிதையாமல் கிடக்கும்.

எந்த மூலக்கூறுகளைத் தேடுகிறோம்

முக்கியமானது கோப்ரஸ்டனால். நம் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் கொலஸ்ட்ராலோடு ஹைட்ரஜனைச் சேர்த்து உண்டாக்கும் பொருள் இது. மனித மலத்தில் இருக்கும் ஸ்டெரால்களில், அதாவது கொலஸ்ட்ரால் குடும்பப் பொருள்களில், சுமார் 60 சதவீதம் இதுதான். "நாங்க சைவம், எங்களுக்கு ஏது கொலஸ்ட்ரால்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். சைவம் சாப்பிடுபவர் உடம்பும் கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது, அதனால் அவர்களிடமும் கோப்ரஸ்டனால் உண்டு. பறவைகளிடமும் நாய்களிடமும் இது மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. பன்றியிடம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கு மூன்று உறவினர்கள். ஒன்று எபிகோப்ரஸ்டனால். புது மலத்தில் இது அற்பம், கழிவு ஆக்ஸிஜன் இல்லாமல் நாள்கணக்கில் செரிக்கப்படும்போதுதான் கோப்ரஸ்டனால் இதுவாக மாறுகிறது. இன்னொன்று கொலஸ்டனால், முன்னால் 5ஆல்ஃபா என்று எழுதுவார்கள். இது குடலில் அல்ல, ஏரிச் சேற்றிலேயே பாக்டீரியாக்கள் கொலஸ்ட்ராலில் இருந்து உண்டாக்குவது. மீன், நத்தை, நுண்ணுயிர் எல்லாம் செத்து விழுந்து கொலஸ்ட்ரால் சேர்கிற எந்த ஏரியிலும் இது இயற்கையாகவே இருக்கும். மூன்றாவது 24-எத்தில்கோப்ரஸ்டனால். செடிகளில் இருக்கும் சிட்டோஸ்டெராலை மாடு எருமையின் வயிற்றுப் பாக்டீரியாக்கள் இப்படி மாற்றுகின்றன. சாணத்தின் முத்திரை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வகை மூலக்கூறுகள் சலவைத்தூளில் இருந்து வருபவை. துணி துவைக்கும் பவுடரில் இருக்கும் நுரைப்பொருளைத் தயாரிக்கும் மூலப்பொருள் லீனியர் ஆல்கைல் பென்சீன். தயாரிப்பில் வினைபுரியாமல் மிஞ்சும் கொஞ்சம் பவுடரோடு சேர்ந்தே நம் வீட்டுக்கு வந்து, துவைத்த தண்ணீரோடு வெளியே போகிறது. கார்பன் சங்கிலியில் 10 முதல் 14 வரை நீளமுள்ள, மொத்தம் 26 அமைப்புகள். இயற்கையில் இவை கிடையாது, மனிதன் செய்தவை, அதனால் இதைப் பார்த்து மாட்டைக் குற்றம் சொல்ல யாராலும் முடியாது. ஒரு எச்சரிக்கை: மணலியில் இந்த ஆல்கைல் பென்சீன் தயாரிக்கும் ஆலையே இருக்கிறது, எனவே வடசென்னை நீர்நிலைகளில் இதை மட்டும் வைத்து வீட்டுச் சாக்கடை என்று முடிவு கட்டாதீர்கள்.

காஃபின் பற்றியும் கேட்பார்கள், காபி குடிக்கிற ஊர் ஆயிற்றே. காஃபின் தண்ணீரில் கரைந்துபோகும், சேற்றில் சரியாக ஒட்டாது. நல்ல சுத்திகரிப்பு நிலையம் அதில் பெரும்பகுதியை அழித்துவிடும் என்பதால், வரத்துக் கால்வாய்த் தண்ணீரில் காஃபின் நிறைய இருந்தால் சுத்திகரிக்காத புதுச் சாக்கடை வருகிறது என்று அர்த்தம். ஆக அது தண்ணீருக்கான சோதனை. சோப்பு, பற்பசையில் போடப்பட்ட ட்ரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி சேற்றில் நன்றாக ஒட்டும், ஆய்வகத்தில் வசதி இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை.

படி 1: மே மாதத்தில் நடங்கள்

கருவி எதுவும் வேண்டாம். ஏரியைச் சுற்றி முழுதாக ஒரு தடவை நடந்து, உள்ளே வரும் ஒவ்வொரு குழாய், கால்வாய், உடைப்பு எல்லாவற்றையும் போன் வரைபடத்தில் குறித்து, எண் கொடுத்து, படம் எடுங்கள். இதற்கு நல்ல மாதம் மே. மழையே இல்லாத அக்னி நட்சத்திர வெயிலில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீராக இருக்க வழியில்லை. காலை 6 முதல் 9 மணிக்குள் போனால் ஓட்டம் அதிகமாக இருக்கும், மத்தியானம் அதே குழாயைப் போய்ப் பாருங்கள், குறைந்திருக்கும். வீடுகளின் நாள் எப்படி ஓடுகிறதோ அப்படியே குழாயும் ஓடும்.

மேலே எந்த ஏரி, கீழே எந்த ஏரி என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிட்லபாக்கத்தின் உபரி செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கிறது, 2022ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று ராம்சார் தகுதி பெற்ற அதே சதுப்பு நிலம்தான். கீழ் ஏரியின் சேற்றைப் பரிசோதிக்கும்போது மேல் ஏரியின் கலங்கல் வழியாக வருவதும் ஒரு வரத்து, அதற்கும் ஒரு எண் உண்டு.

குழாய்கள் நிறைய இருந்து எதை முதலில் கவனிப்பது என்று குழம்பினால் ஒரு மலிவான சோதனை இருக்கிறது. சலவைத்தூளில் துணி பளிச்சென்று தெரிய ஒரு பிரகாசமூட்டிப் பொருள் சேர்ப்பார்கள், அது பருத்தியில் ஒட்டும், புறஊதா ஒளி பட்டால் நீலவெள்ளையாக மின்னும். மருந்துக் கடையில் பஞ்சு வாங்கி முதலில் இருட்டறையில் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், மின்னாத பஞ்சாக இருக்க வேண்டும். அதைக் கொசுவலைத் துணியில் கட்டி, ஒவ்வொரு குழாய் வாயிலும் ஓடும் தண்ணீரில் 3 முதல் 5 நாள் விட்டுவிட்டு, எடுத்து வெறும் தண்ணீரில் அலசி, இருட்டில் காயவைத்து மறுபடி டார்ச் அடியுங்கள். குழாய்த் தண்ணீரில் ஊறிய ஒரு பஞ்சையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மின்னினால் அந்தக் குழாயில் துவைத்த தண்ணீர் வருகிறது. நான்காவது சாக்கு, "எங்க தெரு இல்ல", பெரும்பாலும் இந்த டார்ச்சுக்கு முன்னாலேயே அடங்கிவிடும். வடிகாலில் மேல்நோக்கி ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பஞ்சு என்று வைத்துக்கொண்டே போனால் தெரு வரைக்கும் போகலாம்.

படி 2: தூர்வாரிய தேதியைத் தோண்டி எடுங்கள்

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் மொத்த வேலையிலும் விலைமதிப்பானது.

வெளிநாட்டு ஆழமான ஏரிகளில் சேறு அடுக்கு அடுக்காகத் தொந்தரவில்லாமல் படிந்திருக்கும். அங்கே ஈயத்தின் கதிரியக்க வகையான ஈயம்-210ஐ அளந்து, அதன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 22 வருடம் என்பதை வைத்து, எந்த அடுக்கு எந்த வருடம் என்று கணக்குப் போடுவார்கள். நம் ஏரிகள் அப்படி இல்லை. ஆழம் குறைவு, கோடையில் வற்றும், 2019 போன்ற வருடத்தில் அடிவரை வெடித்துக் கிடக்கும், எருமைகள் மிதிக்கும், நடுநடுவே ஜேசிபி இறங்கித் தூர்வாரும். அந்த அடுக்குகளை வைத்து 50 வருட வரலாறு எழுதுவது நடக்காது.

சரி, தூர்வாரியது நமக்கு நஷ்டமா? நான் அப்படி நினைக்கவில்லை, அதுவே நமக்கு ஒரு கடிகாரம். ஒரு ஏரியை 2020ல் கட்டாந்தரை வரை தூர்வாரினார்கள் என்றால், அந்தத் தரைக்கு மேலே இன்று இருக்கும் மெத்தென்ற கருப்புச் சேறு முழுவதும் 2020க்குப் பிறகு வந்தது. அதில் கோப்ரஸ்டனால் கொட்டிக் கிடந்தால் "பழைய கழிவு" என்ற சாக்கு அங்கேயே விழுந்துவிடும். அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு எந்தத் தேதியில், ஏரியின் எந்தப் பகுதியில், எவ்வளவு ஆழம் தூர்வாரினார்கள் என்று வாங்கிவிடுங்கள். கரையோரம் டீக்கடை வைத்திருப்பவர், மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர் ஆகியோரிடமும் கேளுங்கள். காகிதத்தில் முழு ஏரி என்று இருக்கும், அவர்கள் "அந்த மூலைக்கு மிஷின் வரவேயில்ல" என்று சொல்வார்கள், அந்த ஒரு வரி உங்கள் மாதிரிப் புள்ளிகளையே மாற்றும். தொடாமல் விட்ட மூலையில் இருந்து பழைய சேறு சரிந்து வரலாம் என்பதால் அதன் ஓரத்தில் மாதிரி எடுக்காதீர்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தூர்வாரப்படாத ஏரி கிடைத்தால் இன்னொரு அடையாளமும் தேடலாம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்த அந்த மழையில் அடித்துவந்த மண், சில இடங்களில் கருப்புச் சேற்றுக்கு நடுவே வெளிறிய மணல் பட்டையாகத் தெரிய வாய்ப்பு உண்டு. தெரியாவிட்டால் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

படி 3: மாதிரி எடுப்பது

ஏரி நீர்வளத் துறையுடையதா, மாநகராட்சியுடையதா, ஊராட்சியுடையதா என்று பார்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முழங்கால் வரை கம்பூட், தடித்த ரப்பர் கையுறை கட்டாயம். சென்னையில் எலிக்காய்ச்சல் உண்மையான ஆபத்து, காலில் சின்னப் புண் இருந்தாலும் அன்றைக்கு நீங்கள் கரையில் நின்று குறிப்பெடுங்கள், வேறொருவர் இறங்கட்டும். தனியாக இறங்கவே கூடாது. ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது, கழியால் குத்திப் பார்த்துத்தான் அடுத்த அடி. இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், சாக்கடை மாதிரிக்காக எந்த ஆள்நுழைவுக் குழியையும் திறக்காதீர்கள், எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

எப்போது எடுப்பது? வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் ஒரு தடவை, மழைக்கு முன் செப்டம்பரில் ஒரு தடவை. ஒரு தடவைதான் முடியும் என்றால் ஜனவரி. காரணம், கோடையில் சேறு காய்ந்து வெடித்து ஆக்ஸிஜன் உள்ளே போனால் மேல் அடுக்கில் இருக்கும் கோப்ரஸ்டனால் சிதையத் தொடங்கும். ஆக்ஸிஜன் உள்ள தண்ணீரில் அதன் அரைவாழ்வு சில நாள்கள்தான். காய்ந்த சேற்றில் அளவு குறைவாக வந்தது என்பதற்காகச் சாக்கடை வரவில்லை என்று ஆகாது.

புள்ளிகள்: ஒவ்வொரு வரத்தின் வாயிலும் ஒன்று, அங்கிருந்து ஏரிக்குள் 20, 50, 100 மீட்டரில் ஒவ்வொன்று, ஏரி நடுவில் ஒன்று, மதகுக்குப் பக்கம் ஒன்று, கலங்கலில் ஒன்று. வாயில் இருந்து உள்ளே போகப் போக அளவு இறங்குகிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய சாட்சி. ஒரே ஒரு இடத்தில் எடுத்த மாதிரியை வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது. அப்புறம், சாக்கடை வராத ஒரு நீர்நிலையில் இருந்து ஒப்பீட்டு மாதிரி வேண்டும், காப்புக்காட்டுக்குள் இருக்கும் குட்டை மாதிரி ஏதாவது, வனத்துறை அனுமதியோடு. கோயில் குளம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அதை எடுக்காதீர்கள், அபிஷேகப் பாலும் விளக்கு நெய்யும் கொலஸ்ட்ரால் கணக்கைக் குழப்பும்.

மேல் சேறு மட்டும் போதுமென்றால் மேல் 2 சென்டிமீட்டரைத் துருப்பிடிக்காத இரும்புக் கரண்டியால் வழித்தெடுங்கள். அடுக்கு வேண்டுமென்றால் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒளிபுகும் அக்ரிலிக் குழாயை நேராக அழுத்தி இறக்கி, மேல்வாயை ரப்பர் அடைப்பானால் இறுக்க மூடி, மெதுவாக மேலே இழுத்து, தண்ணீருக்குள் இருக்கும்போதே அடிவாயையும் மூடிவிடுங்கள். தரை தட்டும் இடம், அதாவது தூர்வாரிய பழைய களிமண், கையிலேயே தெரியும், அதுவரை மெத்தென்று இறங்கிய குழாய் சட்டென்று நின்றுவிடும். கரைக்கு வந்து அடியில் இருந்து தள்ளி, மேல் 10 சென்டிமீட்டரை ஒவ்வொரு சென்டிமீட்டராகவும் அதற்குக் கீழே இரண்டிரண்டாகவும் வெட்டி, குழாய்ச் சுவரில் உரசிய ஓரத்தை நீக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுங்கள்.

கண்ணாடி ஜாடி, மூடிக்கு அடியில் அலுமினியத் தாள். பிளாஸ்டிக் பை கூடாது. வெறும் கை படவே கூடாது, நம் தோலின் எண்ணெயிலேயே கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஜாடியைக் கழுவுவதில்தான் நாங்கள் முதல் வருடம் தவறினோம். நன்றாகச் சுத்தமாக இருக்கட்டும் என்று பாத்திரம் கழுவும் திரவம் போட்டுத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு போனோம். சேறே வைக்காத வெற்று ஜாடியின் அளவீட்டிலும் ஆல்கைல் பென்சீன் வந்து நின்றது. 14 மாதிரிகளின் சலவைத்தூள் கணக்கு முழுவதையும் ஒதுக்கிவிட்டு மறுபடி ஏரியில் இறங்கினோம். வெற்று ஜாடி ஒன்று கூடவே போகவில்லை என்றால் அந்தத் தப்பான எண்களைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகள் முன்னால் நின்றிருப்போம், நினைத்தால் இப்போதும் பதறுகிறது. சூடான தண்ணீர், பிறகு அசிட்டோன், முடிந்தால் 450 டிகிரி உலையில் நாலு மணி நேரம். இதுதான் முறை.

ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து அன்றே மைனஸ் 20 டிகிரியில் போடுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் தொடாமல் வையுங்கள்.

படி 4: உள்ளூர் அளவுகோலைத் தயார் செய்யுங்கள்

அடுத்த பகுதியில் நான் தரப்போகும் எல்லை எண்கள் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டில், அவர்கள் சாப்பாட்டை வைத்து வந்தவை. நாம் சோறு, பருப்பு, காய், கீரை, எண்ணெய் என்று செடி ஸ்டெரால் நிறைய சாப்பிடுகிறோம், அதனால் நம் கழிவிலும் 24-எத்தில்கோப்ரஸ்டனால் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு, மாட்டையும் மனிதரையும் பிரிக்கும் கோடு கொஞ்சம் நகரும். அதனால் ஏரிக்கரையில் இருந்து புதுச் சாணம் ஒன்றிரண்டு, அனுமதி கிடைத்தால் கழிவுநீர் உந்து நிலையத்தில் இருந்து கச்சாச் சாக்கடை ஒரு லிட்டர், இவற்றையும் அதே ஆய்வகத்தில் கொடுத்து அளந்துவிடுங்கள். அப்போது உங்களுடைய இரண்டு எல்லையும் நம்மூர் எல்லையாக இருக்கும்.

படி 5: ஆய்வகத்தில்

நீங்களே செய்யப்போவதில்லை என்றாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால்தான் சரியான கேள்வி கேட்க முடியும். சேற்றை உறைநிலையில் உலர்த்தி, சலித்து, எடை போட்டு, அதில் தெரிந்த அளவு ஒரு துணைப் பொருளைச் சேர்ப்பார்கள், ஸ்டெராலுக்கு ஆண்ட்ரோஸ்டனால் வழக்கம். வேலை முடியும்போது போட்டதில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது என்று பார்த்தால் நடுவில் எவ்வளவு இழந்தோம் என்று தெரியும், 70 முதல் 120க்குள் இருந்தால் ஏற்கலாம். பிறகு டைக்குளோரோமீத்தேனும் மெத்தனாலும் கலந்த கரைப்பானில் சாக்ஸ்லெட் கருவியில் ஒரு நாள் முழுக்க வடிப்பார்கள். நம் ஏரிச் சேற்றில் கந்தகம் அதிகம், அதைத் தூய்மையாக்கிய செம்புத் துருவல் போட்டு நீக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கந்தகம் கருவி தரும் வரைபடத்தையே மூடிவிடும். சிலிக்கா ஜெல் தூண் வழியாக விட்டு ஆல்கைல் பென்சீன் ஒரு பங்காகவும் ஸ்டெரால் இன்னொரு பங்காகவும் பிரித்து, ஸ்டெரால் பங்கில் பிஎஸ்டிஎஃப்ஏ என்ற வினைப்பொருளைச் சேர்த்துச் சூடுபடுத்தி, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து நிறையை வைத்து அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியில் செலுத்துவார்கள். கோப்ரஸ்டனாலை நிறை எண் 370, 355, 215 வைத்தும், ஆல்கைல் பென்சீனை 91, 105 வைத்தும் அடையாளம் காண்பார்கள்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை: கோப்ரஸ்டனால், எபிகோப்ரஸ்டனால், கொலஸ்டனால் மூன்றுக்கும் ஒப்பிட்டுப் பார்க்கத் தூய நிலைப்பொருள் வைத்திருக்கிறீர்களா? பத்து மாதிரிக்கு ஒரு வெற்று அளவீடு, ஒரு இரட்டை அளவீடு செய்வீர்களா? மொத்தக் கரிமக் கார்பன் அளப்பீர்களா? அசல் வரைபடங்களைத் தருவீர்களா? குடிநீர்ப் பரிசோதனை மட்டும் செய்யும் கூடங்களில் பொதுவாக இது முடியாது, கடல் அல்லது சுற்றுச்சூழல் வேதியியல் ஆராய்ச்சி நடக்கும் பல்கலைக்கழகத் துறைகளைத்தான் முதலில் அணுக வேண்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரைக்கும் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், சீல் வைத்த ஜாடி, யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவேடு, எல்லாம் முதல் நாளில் இருந்தே இருக்க வேண்டும்.

படி 6: எண்களைப் படிப்பது

ஒரு கிராம் உலர்ந்த சேற்றில் கோப்ரஸ்டனால் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சாக்கடை கலப்பு கணிசமானது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இதை மட்டும் நம்பாதீர்கள். மணலான இடத்தில் ஒட்டுவது குறைவு, களியான இடத்தில் அதிகம், அதனால் கரிமக் கார்பனால் வகுத்துத்தான் இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டும்.

இது சாக்கடையா, இயற்கையா? கோப்ரஸ்டனாலை, கோப்ரஸ்டனாலும் கொலஸ்டனாலும் சேர்ந்த தொகையால் வகுங்கள். 1990ல் கிரிமால்ட் குழுவினர் எழுதியதில் இருந்து பரவிய விகிதம் இது. 0.7க்கு மேல் என்றால் சாக்கடை, 0.3க்குக் கீழே என்றால் இல்லை, நடுவில் வந்தால் மற்ற சான்றுகளைப் பார்க்க வேண்டும்.

மாடா, மனிதரா? கோப்ரஸ்டனாலை, அதுவும் 24-எத்தில்கோப்ரஸ்டனாலும் சேர்ந்த தொகையால் வகுத்துச் சதவீதமாக்குங்கள். சுமார் 70க்கு மேல் மனிதர், 40க்குக் கீழே மாடு, நடுவில் இரண்டும். படி 4ல் எடுத்த உள்ளூர் அளவுகோல் இங்கேதான் பயன்படும். பன்றிகள் திரியும் ஏரியாக இருந்தால் பித்த அமிலங்களையும் அளக்கச் சொல்லுங்கள், ஹையோடியாக்ஸிகோலிக் அமிலம் பன்றியின் அடையாளம், லித்தோகோலிக் அமிலத்தோடு அதை ஒப்பிட்டால் பிரித்துவிடலாம்.

சுத்திகரித்ததா? எபிகோப்ரஸ்டனாலைக் கோப்ரஸ்டனாலால் வகுங்கள். 0.2க்குக் கீழே வந்தால் கச்சா, 0.8க்கு மேல் வந்தால் செரிக்கப்பட்ட கழிவு. ஆல்கைல் பென்சீனிலும் இதே கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. 12 கார்பன் சங்கிலியில் பென்சீன் வளையம் ஓரத்தில் ஒட்டிய அமைப்புகளைப் பாக்டீரியா முதலில் தின்னும், நடுவில் ஒட்டியவற்றைப் பிறகுதான் தின்னும். 5, 6 ஆம் இடத்தில் ஒட்டியவற்றின் தொகையை 2, 3, 4 ஆம் இடத்தில் ஒட்டியவற்றின் தொகையால் வகுத்தால், சுத்திகரிக்காததில் 1க்குக் கீழே இருக்கும், ஆக்ஸிஜன் ஊட்டிச் சுத்திகரித்ததில் 2க்கு மேல் போகும். ஜப்பானில் தகாடாவும் இஷிவதாரியும் 1990ல் இந்த விகிதத்தைச் சோதனை செய்து காட்டினார்கள். இரண்டு வேறு வேறு வேதிப்பொருள்கள் ஒரே பதிலைச் சொன்னால் மறுப்பது கஷ்டம்.

கணக்கு புரிய ஒரு உதாரணம், இவை நான் எடுத்துக்காட்டுக்காகப் போட்ட எண்கள். வரத்து வாயில் ஒரு கிராமுக்குக் கோப்ரஸ்டனால் 3.2, எபிகோப்ரஸ்டனால் 0.2, கொலஸ்டனால் 0.9, 24-எத்தில்கோப்ரஸ்டனால் 1.0 மைக்ரோகிராம், கரிமக் கார்பன் 4 சதவீதம். முதல் விகிதம் 3.2 வகுத்தல் 4.1, அதாவது 0.78. இரண்டாவது 3.2 வகுத்தல் 4.2, 76 சதவீதம். மூன்றாவது 0.06. அதாவது மனிதர் சாக்கடை, சுத்திகரிக்கப்படாதது. ஏரி நடுவில் அதே நான்கும் 0.4, 0.03, 0.5, 0.6, கார்பன் 2 சதவீதம் என்றால் முதல் விகிதம் 0.44, இரண்டாவது 40 சதவீதம், இங்கே மாடும் மனிதரும் கலந்து தெரிகிறார்கள். கார்பனால் வகுத்தால், ஒரு கிராம் கார்பனுக்கு வாயில் 80 மைக்ரோகிராம், நடுவில் 20. எந்த வழியாக வருகிறது என்று இந்த இறக்கம் காட்டுகிறது. "மாட்டுச் சாணம்" என்பவர் நடுவில் எடுத்த மாதிரியை மட்டும் காட்டிப் பாதி ஜெயித்துவிடலாம், வாயில் எடுத்ததைப் பக்கத்தில் வைத்தால் அவரால் பேச முடியாது.

நம் புறநகருக்கே உரிய ஒரு விஷயம். பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் கழிப்பறைக் கழிவு செப்டிக் டேங்குக்கும், குளித்த, துவைத்த தண்ணீர் தெரு வடிகாலுக்கும் போகும் வீடுகள் நிறைய. அதனால் ஆல்கைல் பென்சீன் ஏராளம், கோப்ரஸ்டனால் கொஞ்சம் என்று வந்தால் துவைத்த தண்ணீர் என்றும், இரண்டும் ஏராளம் என்றால் கழிப்பறை இணைப்பும் சேர்ந்திருக்கிறது என்றும், கோப்ரஸ்டனால் ஏராளமாக இருந்து ஆல்கைல் பென்சீன் குறைவாகவும் எபிகோப்ரஸ்டனால் கொஞ்சம் கூடியும் இருந்தால் செப்டிக் டேங்க் லாரி ராத்திரியில் கொட்டுகிறதோ என்றும் நான் பார்ப்பேன். இது என் கணிப்பு, பாடப்புத்தக எல்லை இல்லை. இதை வைத்து எங்கே நின்று கண்காணிப்பது என்று முடிவு செய்யலாம், வண்டி எண்ணைப் படமெடுக்காமல் யார்மேலும் புகார் கொடுக்கக் கூடாது.

படி 7: முடிவைக் கொண்டுபோவது

அதிகாரியிடம் 30 பக்க அட்டவணை கொடுத்தால் மேசையிலேயே கிடக்கும். ஏரி வரைபடம் ஒன்று, ஒவ்வொரு புள்ளியிலும் அளவுக்கு ஏற்ற வட்டம், பக்கத்தில் அந்தக் குழாயின் மே மாதப் படம், தூர்வாரிய தேதி. ஒரே தாள். அட்டவணையைப் பின்னால் இணைத்துவிடுங்கள், உங்கள் குறைகளையும் அதிலேயே எழுதிவிடுங்கள், எந்தப் புள்ளியில் துணைப் பொருளின் மீட்பு சதவீதம் சரியாக வரவில்லை, எங்கே மணல் அதிகம் என்று. எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் மற்ற எண்களை நம்புவார்கள். தெருப் பெயரை எழுதலாம், வீட்டு எண்ணை எழுதாதீர்கள். பல வீடுகளுக்கு இணைக்கச் சாக்கடையே தரப்படவில்லை, அவர்கள்மேல் பழியைப் போட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஊரே வராது.

குழாய் ஒன்றை அடைத்துவிட்டார்கள் என்று சேதி வந்தால் அடுத்த ஜனவரியில் அதே புள்ளிகளில், அதே ஆழத்தில், அதே ஆய்வகத்துக்கு மேல் 2 சென்டிமீட்டர் சேற்றை மறுபடி அனுப்புங்கள். அடைத்தது உண்மையானால் புதிதாகப் படிந்த மேல் அடுக்கில் அளவு குறைந்து, அதற்குக் கீழே பழைய அளவு அப்படியே இருக்கும். மேலும் கீழும் ஒன்றாக வந்தால், உறைபெட்டியில் தொடாமல் வைத்த அந்த மறுபாதி ஜாடிகளை எடுத்துப் புது மாதிரிகளோடு ஒரே நாளில், ஒரே கருவியில் அளக்கச் சொல்லுங்கள். குழாய்க்குள் மறுபடியும் பஞ்சு கட்டிவிட்டு வாருங்கள்.